ஓட்டம் முடிந்த பிறகு வரும் இரண்டு வாரம்

பேரன் பினாங்குப் பால மாரத்தான் ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வருகிறான். கழுத்தில் பதக்கம், முகத்தில் சிரிப்பு. செவ்வாய்க்கிழமை தொண்டை கரகரக்கிறது. புதன்கிழமை மூக்கு ஒழுகுகிறது. "இப்படி ஓடினால் உடம்பில் எதிர்ப்பு சக்தி எங்கிருந்து வரும்?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

ஓடியவர் பேரனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈப்போவில் நடக்கும் ஓட்டங்களில் மூத்தோர் பிரிவில் நீங்களே கலந்துகொண்டிருக்கலாம். தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடியோடு நடந்திருக்கலாம். கோலாலம்பூரிலிருந்து பத்துமலைவரை சுமார் 15 கிலோமீட்டர் இரதத்தின் பின்னால் நடந்து, அங்கே 272 படிகளும் ஏறியிருக்கலாம். பல மணி நேரம் ஓயாமல் இயங்கிய உடம்புக்கு அது ஓட்டமா, நேர்த்திக்கடனா என்ற வேறுபாடு தெரியாது.

ஓட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பலரும் சொல்லித் தருகிறார்கள். முடிந்த பிறகு வரும் இரண்டு வாரத்தைப் பற்றிப் பேசுபவர் குறைவு. அந்த நாட்களில் வரும் எல்லாவற்றையும் "களைப்புதான், எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது" என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். அதில் சிலது உண்மையில் களைப்புதான். சிலது களைப்பு அல்ல. அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமோ உயிரோ போகக்கூடும். எது எது என்று பிரித்தறிய இந்தக் கையேடு உங்களுக்கு உதவும்.

ஓடியவருக்கு ஏன் சளி பிடிக்கிறது?

இந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 56 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டவர்களைப் பற்றிய ஆய்வு 1983-இல் வெளிவந்தது. ஓட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஓடியவர்களில் 33 விழுக்காட்டினருக்குச் சளி, தொண்டைவலி போன்ற தொல்லைகள் வந்தன. ஓடாதவர்களிடம் அது 15 விழுக்காடுதான். 1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானுக்குப் பிறகு எடுத்த கணக்கும் இதே போன்றது: ஓடியவர்களில் 12.9 விழுக்காட்டினர் அடுத்த வாரத்தில் நோயுற்றதாகச் சொன்னார்கள். பெயர் கொடுத்துவிட்டு ஓடாமல் இருந்தவர்களில் 2.2 விழுக்காட்டினர் மட்டுமே அப்படிச் சொன்னார்கள்.

கடும் ஓட்டத்துக்குப் பின் சில மணி நேரம், இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை வழக்கத்தைவிடக் குறைந்து காணப்படும். அந்த நேரத்தில் கிருமி எளிதாக நுழைகிறது என்று விளக்கினார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் "திறந்த ஜன்னல்" என்று சொல்லலாம். பெயர் அழகாக இருப்பதால் எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது.

ஆனால் அந்த அணுக்கள் அழிந்துபோவதில்லை. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். விடியற்காலை பெரட்டுக் களத்தில் அத்தனை பேரும் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்த சிறிது நேரத்தில் களம் வெறிச்சோடிவிடும். ஆட்கள் காணாமல் போய்விட்டார்களா? இல்லை, அவரவர் நிரைக்குப் போய்விட்டார்கள். வெள்ளை அணுக்களும் அப்படித்தான் இரத்தத்தைவிட்டு நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போகின்றன. இரத்தத்தை மட்டும் எடுத்துச் சோதித்தவர்கள், வெறும் களத்தைப் பார்த்துவிட்டு ஆளே இல்லை என்று எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இதை விரிவாக எடுத்துச் சொன்னார்கள். ஆய்வாளர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. என்றாலும் ஓட்டம் எதிர்ப்பு சக்தியைத் தின்றுவிடும் என்ற பழைய பயத்துக்கு இப்போது அவ்வளவு இடமில்லை.

அப்படியானால் பேரனுக்குச் சளி எப்படி வந்தது? அவன் அந்த இரவை எப்படிக் கழித்தான் என்று பாருங்கள். வெயிலுக்குப் பயந்து நம் நாட்டில் மாரத்தான் ஓட்டங்களை விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறார்கள். அவன் அன்றிரவு தூங்கியிருக்கமாட்டான். பேருந்தில் நெருக்கி உட்கார்ந்து போயிருப்பான். ஆயிரக்கணக்கானோர் மூச்சு வாங்கும் கூட்டத்தில் நின்றிருப்பான். கண்ட கைகள் தொட்ட குவளையில் தண்ணீர் குடித்திருப்பான். கிருமிக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

தூக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 2015-இல் வெளிவந்த அதில், 164 பேருடைய மூக்கில் சளிக்கிருமியைச் சொட்டுகளாக விட்டுப் பார்த்தார்கள். இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாகச் சளி பிடித்தது. ஆகவே ஓட்டம் முடிந்து வருபவரை முதலில் தூங்க விடுங்கள். விருந்தும் விசாரிப்பும் மறுநாளைக்கு இருக்கட்டும்.

எல்லாத் தொண்டைவலியும் கிருமியால் வருவதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மணிக்கணக்கில் வாயால் மூச்சு வாங்கினாலும், தூசியிலும் புகைமூட்டத்திலும் ஓடினாலும் தொண்டை காய்ந்து புண்ணாகும். இது இரண்டு மூன்று நாளில் தானாக ஆறிவிடும். ஆன்டிபயோடிக் மருந்துக்கு இங்கே வேலை இல்லை.

அவனுக்குச் சளி, உங்களுக்கு?

முப்பது வயதுப் பேரனுக்கு நான்கு நாளில் போய்விடும் காய்ச்சல், எழுபது வயதுப் பாட்டிக்கு நிமோனியாவாக மாறலாம். ஓட்டத்திலிருந்து வந்தவருக்கு இருமலோ மூக்கொழுகலோ இருந்தால், அவர் முகக்கவசம் அணியட்டும். கை கழுவட்டும், தனிக் குவளை பயன்படுத்தட்டும், சில நாட்கள் உங்களோடு ஒரே அறையில் படுக்காமல் இருக்கட்டும். இதைக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம்.

மூத்தோருக்கு இன்ஃபுளுயென்சா வரும்போது உடம்பு கொதிக்காமலும் இருக்கலாம். சாப்பாடு இறங்காது. பேச்சில் தடுமாற்றம் வரும். நேற்றுவரை நடந்தவர் இன்று கட்டிலைவிட்டு எழமாட்டார். இந்த மாற்றங்களைக் காய்ச்சலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் போட வேண்டிய இன்ஃபுளுயென்சா தடுப்பூசியைப் பற்றியும் நிமோனியாத் தடுப்பூசியைப் பற்றியும் நீங்கள் வழக்கமாகப் போகும் அரசாங்க சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். இனிப்புநீர், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வயதானவர்கள் ஓடவே கூடாதா?

ஓடலாம், அதைவிட நல்லது, நடக்கலாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பகுதி ஆய்வாளர்கள் 55 முதல் 79 வயதுவரை உள்ள 125 சைக்கிளோட்டிகளைப் பரிசோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. எதிர்ப்பு அணுக்களுக்குப் பயிற்சி தருவது அதுதான். வயது ஏற ஏற அது சுருங்கிவிடும். ஆனால் வாழ்நாளெல்லாம் சைக்கிள் மிதித்தவர்களிடம் அது இளைஞர்களுக்கு இணையாகப் புதிய அணுக்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை உயிரைக் கொடுத்து ஓடுவதைவிட ஒவ்வொரு நாளும் செய்யும் பயிற்சியே இதைத் தரும்.

ஃபவுஜா சிங்கைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சாபில் பிறந்து இலண்டனில் குடியேறிய அவர், 2000-இல் 89 வயதில் தம் முதல் மாரத்தானை ஓடினார். 2011-இல் டொரோண்டோ மாரத்தானை 100 வயதில் எட்டு மணி நேரத்துக்கும் சற்று மேலாக எடுத்து முடித்தார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் கின்னஸ் நிறுவனம் அவர் வயதை ஏற்கவில்லை. பத்திரம் இல்லாமல் அலைந்த கதை தோட்டத்தில் பிறந்த பலருக்கும் தெரிந்ததுதான். அவருக்குப் பயிற்சியாளர் இருந்தார், மெதுவாகவே ஓடினார், 2013-இல் 101 வயதில் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். நடையிலும் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேலான நடை அது.

ஒரு காலத்தில் நீங்களும் தினமும் நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளி சுமந்தவராக இருக்கலாம். அந்தப் பழக்கம் மனத்தில் இருக்கிறது, தசையில் இல்லை. "நான் பார்க்காத நடையா?" என்று இருபது வருடத்துக்குப் பின் ஒரே நாளில் 15 கிலோமீட்டர் நடப்பவர்தான் அடுத்த பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதல் மூன்று நாள்

நீண்ட ஓட்டத்தில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். வலி முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். இது இயல்பு. வீட்டுக்குள் மெல்ல நடமாடுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், தைலம் தேய்த்துக்கொள்ள விரும்பினால் மென்மையாகத் தேய்க்கலாம். ஆளைப் போட்டு அழுத்தி உருவச் சொல்லாதீர்கள்.

தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அதற்கு உங்கள் கண்ணே பரிசோதனைக் கருவி. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் நல்லது. அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. தே ஓ, கோப்பி ஓ நிறத்தில் போனாலும், வெகு நேரமாகச் சிறுநீரே வராவிட்டாலும், தொடை வீங்கித் தாங்க முடியாமல் வலித்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அன்றே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கால் வலிக்கிறது என்று, மூட்டுவலிக்கு முன்பு கிடைத்த மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்து விழுங்குகிறார்கள். அது டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் என்ற வகையில் ஒன்றாக இருக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் கூடும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமோல் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடாது. எடை குறைந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும், மருந்தாளரைக் கேளுங்கள். பல சளி மருந்துகளிலும் இதே பாராசிட்டமோல் இருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்திலும் அளவு உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், போட்டி போட்டுக் குடிக்காதீர்கள். 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. தலைவலி, வாந்தி, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நீர் மாத்திரை சாப்பிடும் மூத்தோருக்கு இது எளிதில் வரும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் ரசமும் வெறும் தண்ணீரைவிட நல்லவை. இருதயம் பலவீனமானவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அவர்கள் இளநீரையும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். அதில் பொட்டாசியம் அதிகம்.

இனிப்புநீருக்கு இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஒரு சொல். நீண்ட நடைக்குப் பின் ஒரு நாள்வரைகூட, நள்ளிரவிலும், சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சோதித்துப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள். பாதத்தையும் தினமும் பாருங்கள். வலி தெரியாத கொப்புளம் புண்ணாகிவிட்டுத்தான் தெரியவரும்.

டப்பாக்களும் கொய்யாவும்

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று எழுதிய டப்பாக்கள் விலை அதிகம். ஓட்டத்துக்குப் பின் அவை உங்களைக் காக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வைட்டமின் சி மட்டும் ஓரளவு விதிவிலக்கு. மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த படைவீரர்கள் என மொத்தம் 598 பேரிடம் நடந்த ஐந்து சோதனைகளில், அதை எடுத்துக்கொண்டவர்களுக்குச் சளி பிடிப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்ற மக்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஒரு கொய்யாப் பழத்திலேயே ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி கிடைத்துவிடும்.

தசை ஆறுவதற்குப் புரதம் வேண்டும். வயதானவர்கள் பலர் கஞ்சியும் ரொட்டியுமாக நாளை ஓட்டிவிடுகிறார்கள். முட்டை, மீன், பருப்பு, தவ்வு, தயிர் ஆகியவற்றில் ஒன்றாவது ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

காய்ச்சல் வந்தால்

2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சபாவில் "ஈக்கோ சேலஞ்ச்" என்ற பல நாள் போட்டி நடந்தது. 304 வீரர்கள் காட்டில் நடந்தார்கள், படகு தள்ளினார்கள், செகாமா ஆற்றில் நீந்தினார்கள். போட்டி முடிந்து தங்கள் நாடுகளுக்குத் திரும்பிய பின், ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரித்தபோது, தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு நோய் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாரும் இறக்கவில்லை.

அது களைப்புக் காய்ச்சல் அல்ல. லெப்டோஸ்பைரோசிஸ், நாம் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் என்று சொல்வது. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும், காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ கிருமியை உள்ளே விடுகின்றன. அறிகுறி தெரிய பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லாரும் ஓட்டத்தை மறந்திருப்பார்கள்.

இதில் நம்மை ஏமாற்றுவது ஒன்று உண்டு. இந்தக் காய்ச்சலின் முக்கிய அடையாளங்களில் ஒன்று கெண்டைக்கால் வலி. நடந்தவருக்கும் அதே இடம்தான் வலிக்கும். வித்தியாசம் நாளில் இருக்கிறது. நடையால் வந்த வலி மூன்றாம் நாளுக்குப் பின் தணியத் தொடங்கும். ஒரு வாரம் கழித்துப் புதிதாகக் கெண்டைக்கால் வலித்து, அதோடு காய்ச்சலும் தலைவலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் அது வேறு. கண் மஞ்சளானாலோ சிறுநீர் குறைந்தாலோ நோய் முற்றுகிறது என்று பொருள். தொடக்கத்திலேயே வந்தால் ஆன்டிபயோடிக் மருந்தால் குணமாக்கலாம்.

பெரிய போட்டிக்குப் போனவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். தோட்டத்துப் பாதையில் நடந்து, வாய்க்காலில் கால் கழுவி, ஆற்றில் முழுகி எழுந்தவருக்கும் இதே கிருமிதான்.

டெங்கியும் உடம்பு வலியோடுதான் வரும். அதில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். சூடு தணிந்துவிட்டதே என்று நிம்மதி அடையும் நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவு மீறிய சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கி என்ற சந்தேகம் இருக்கும்வரை மேலே சொன்ன மூட்டுவலி மாத்திரைகளைத் தொடக்கூடாது.

காய்ச்சல் இருக்கும்போது நடைப்பயிற்சியும் வேண்டாம். மூக்கொழுகல் மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி இருந்தால் அவை நீங்கிச் சில நாள் ஆன பின்பே காலணியை மாட்டுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றுக்குக் காத்திருப்பு கிடையாது: 999, அல்லது சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

கிளினிக்குக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து இருந்தால் அதையும் சேர்த்து. "காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த நாள் நடந்தீர்கள், எவ்வளவு தூரம், ஆற்றிலோ சேற்றிலோ இறங்கினீர்களா, காலில் கீறல் இருந்ததா, வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்று சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மலாயில் சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்த விவரங்களைப் பிள்ளைகளிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கையில் கொண்டுபோங்கள்.